ஜூன் ஒன்பது: விசேஷம் ஒன்றுமில்லை

ஜூன் 2, திங்கள்
காலை 148/94. மாலை 154/96.

டாக்டரம்மா காலையும் மாலையும் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். கூடவே அன்றன்றைக்கு என்ன நடந்தது என்று நாலு வரி எழுதினால் எதனால் ஏறுகிறது என்று கண்டுபிடித்துவிடலாமாம். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ஊறுகாய்தான். என் மனைவி கோகிலா தயிர்சாதத்துக்கும் வைக்கிறாள், உப்புமாவுக்கும் வைக்கிறாள்.

இன்று ஆபீசில் நடந்தது: சேஷகிரி சார் இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். எங்கள் டூலுக்கு அடுத்த தலைமை யார் என்பதை இருபத்து மூன்றாம் தேதி மீட்டிங்கில் சொல்வாராம். அந்த நாற்காலிக்கு இருப்பது இரண்டே பேர், நானும் ரெஜினாவும். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில், காந்திபுரத்திலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இந்தச் சரவணம்பட்டி ஆபீசில் சேர்ந்தவர்கள் நாங்கள். டூலின் மூலக்கோப்பு எது எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் சார் அந்த விஷயத்தைச் சொல்லும்போது அவளைத்தான் பார்த்தார். நான் கவனித்தேன்.

ஜூன் 3, செவ்வாய்
காலை 146/92. மாலை 150/94.

டாக்டரம்மா இதைப் படிப்பார் என்பதால் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிவயிறு. எந்தப் புரோகிராமாக இருந்தாலும் டிஸ்க்கைத் தொடவோ நெட்வொர்க்கைத் தொடவோ அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். எங்கள் டூல் அதற்குள், ஸ்கிரிப்ட் என்ற கோப்பில் நாம் எழுதிக் கொடுக்கும் இடத்தில் ஒரு காவல்காரனை நிறுத்தும். அதற்கு புரோப் என்று பெயர். இந்த வழியாக எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அது எண்ணிச் சொல்லும்.

தொல்லை என்னவென்றால், கெர்னலுக்குக் கெர்னல் இடங்களின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். நாம் சொன்ன பெயரில் இடம் இல்லாவிட்டால் டூல் பிழை என்று கத்திவிட்டு நின்றுவிடும். அதற்குத்தான் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுவோம். இடம் இருந்தால் நில், இல்லாவிட்டால் பேசாமல் வந்துவிடு என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குறியைக் கவனிக்கும் பகுதி முழுக்க நான் எழுதியது. ஏழு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு ஆபீசே காலியாக இருந்த வாரத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எழுதினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ரெஜினா அதில் மூக்கை நுழைத்தாள். கேள்விக்குறி போட்டால் ஓரிடத்தில் பேசாமல் விட்டுவிடுகிறது, இன்னோரிடத்தில் எச்சரிக்கை கொடுக்கிறது, வேறோரிடத்தில் கேள்விக்குறி போட்டும் கத்தி நிற்கிறது, எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாமா என்று, உலகம் பூராவும் படிக்கிற மடல் குழுவில் எழுதினாள். அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் வந்து கேட்டால் என்ன? வடிவமைப்பே அப்படித்தான் என்று ஒரே வரியில் பதில் போட்டு விஷயத்தை மூடினேன்.

ஜூன் 4, புதன்
காலை 144/92. மாலை 156/98.

கொங்குமலர் பால் நிறுவனத்தின் வேலை வந்திருக்கிறது. கொள்முதல் நிலையங்களில் தராசு கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும். பால் ஊற்றியதும் சீட்டு வர வேண்டும். ஆனால் தினமும் காலை ஆறு மணிவாக்கில் சர்வர் ஒரு நிமிஷம் போல உறைந்துவிடுகிறது. விவசாயிகள் கேனோடு வரிசையில் நின்று திட்டுகிறார்கள். நெட்வொர்க்கா, டிஸ்க்கா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

அங்கே சிஸ்டம் பார்க்கிறவர் மாரப்பன் என்று ஒருவர். நெட்வொர்க் வயர் எல்லாம் அவரே இழுத்தது. போனில் வரிக்கு வரி "சொல்லுங் சார்" என்கிறார். நல்ல மனுஷன். இந்த வேலை எனக்கு வரும் என்று நினைத்தேன். சார் ரெஜினாவிடம் கொடுத்துவிட்டார்.

ஜூன் 6, வெள்ளி
காலை 150/94. மாலை 158/98.

பின்லாந்திலிருந்து ஒரு ஆள் மடல் குழுவில் எழுதியிருக்கிறான், ரெஜினா செய்த திருத்தத்தால் தன் ஒரு மாத வேலை மிச்சமாயிற்றாம். சார் அதை அச்செடுத்து காபி மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். காபி குடிக்கப் போனால் அதைப் படிக்காமல் வர முடியவில்லை. இன்று காபியே குடிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார், பிழையை முதலில் கண்டறிந்தவர் யார் என்று பெயர் போடுவோம். அது அழியாது. நாங்கள் செத்த பிறகும் இருக்கும். கண்டறிந்தவர் என்ற வரியில் அவள் பெயர் அறுபத்தோரு இடத்தில் இருக்கிறது. என் பெயர் ஒன்பது இடத்தில். சும்மாதான் தேடிப் பார்த்தேன்.

வயிறு எரிகிறது. டாக்டரம்மா, இது அல்சர் இல்லை.

ஜூன் 9, திங்கள்
காலை 140/88. மாலை 124/80.

விசேஷம் ஒன்றுமில்லை. சாயங்காலம் கோகிலாவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டோம். பரோட்டா நன்றாக இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்
காலை 126/82. மாலை 132/86.

ரெஜினா பால் நிறுவன அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறாள். மத்தியானம் என் மேஜைக்கு வந்தாள்.

"சிவம், இந்த ஸ்கிரிப்டை ஒருக்கா பாத்துச் சொல்லு கேட்டியா. நெறய எடத்துல கேள்விக்குறி போட்டிருக்கேன். அது உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

கையில் வேலை இருக்கிறது, முடியாது என்றேன். அவள் போன பிறகு கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தேன்.

ஜூன் 11, புதன்
காலை 134/86. மாலை 138/88.

டாக்டரம்மாவுக்கு எண்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த நோட்டு இனி எனக்கு.

விஷயம் இதுதான். எங்கள் பொதுக் கோப்புகளில் கிடந்த ரெஜினாவின் ஸ்கிரிப்டை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்தேன், அதில் ஓட்டை இருக்கிறது. டிஸ்க்குக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்க ஒரே வரியில் இரண்டு இடங்களைச் சொல்லியிருக்கிறாள். முதலில் புதிய கெர்னலில் வழங்கும் பெயர், கமா போட்டுப் பழைய பெயர், இரண்டுக்கும் கேள்விக்குறி. எது இருக்கிறதோ அது நிற்கட்டும் என்ற கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் எங்கள் டூல் அந்த மாதிரி வரியில் முதல் பெயர் இல்லை என்றால் இரண்டாவதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும். ஒரு வார்த்தை சொல்லாது. பால் நிறுவனத்தில் ஓடுவது பழைய கெர்னல். அதனால் டிஸ்க் பக்கம் காவல்காரனே இல்லை. ஆளே நிற்காத இடத்திலிருந்து பூஜ்யம் என்று எண்ணிக்கை வருகிறது. அதை வைத்து டிஸ்க்கில் குற்றமில்லை, நெட்வொர்க்தான் காரணம் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பொதுச் சோதனை மெஷினில் அதே பழைய கெர்னலைப் போட்டு நான் ஓட்டிப் பார்த்தேன். அவள் வரியை அப்படியே போட்டால் பூஜ்யம். பெயர்களை முன்பின்னாக மாற்றினால் 417. என்ன ஒரு சந்தோஷம்! பத்து வருடமாக அப்படிச் சிரித்ததில்லை.

தூக்கி எறிகிற அந்தப் பகுதி நான் எழுதியது என்பது வேறு விஷயம். டூலை நம்பாமல் சரிபார்க்க வேண்டியது ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் பொறுப்பு. அவள் அறுபத்தோரு பிழை கண்டுபிடித்தவள் ஆயிற்றே, இதையும் கண்டுபிடிக்கட்டுமே.

ஜூன் 13, வெள்ளி
காலை 136/88. மாலை 142/90.

அறிக்கை போய்விட்டது. முகப்பில் ரெஜினா பெயர். சார் கைகுலுக்கினார். நானும் கைகுலுக்கினேன். இருபத்து மூன்றாம் தேதி மீட்டிங்கில் அவள் இதை விளக்கிப் பேச வேண்டும். பேசி முடித்ததும் நான் எழுந்து, ரொம்ப மரியாதையாக, அந்த பூஜ்யம் எப்படி வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். சார் முகத்தை நினைத்தாலே இனிக்கிறது.

ஜூன் 16, திங்கள்
காலை 140/90. மாலை 152/96.

பால் நிறுவனத்து மேனேஜர் அறிக்கையைப் படித்துவிட்டு மாரப்பனை, விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வயர் இழுத்தது அவர், நெட்வொர்க் ஸ்விட்ச் பொருத்தியது அவர், ஆகவே குற்றம் அவருடையதாம். சார்தான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். ரெஜினா பாதியில் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒரு வாரம்தானே. உண்மை வெளியே வந்ததும் தானாகக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

ஜூன் 17, செவ்வாய்
காலை 150/94. மாலை 160/100.

மாரப்பன் என் நம்பருக்கே போன் செய்தார். நேற்று நிலையத்து வாசலிலேயே பால் ஊற்ற வந்தவர்கள் அத்தனை பேர் முன்னால் சாவியை வாங்கிக்கொண்டார்களாம். அவருடைய மாமனாரும் கேனோடு அந்த வரிசையில் நின்றாராம்.

"சார், நான் வயரைக் குறை வெச்சுப் போடலீங். அந்த டிஸ்க்கை மட்டும் இன்னொருக்கா பாக்க முடியுமுங்களா? நேரா நின்னு பாக்கறவனுக்குத் தெரியுதுங், ஆறு மணிக்கு அந்த லைட்டு அணையாம எரியுது."

அறிக்கை ரெஜினா மேடம் எழுதியது, நான் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். அப்படியானால் அவர் நம்பரைக் கொடுங்கள் என்றார். கையில் இல்லை என்றேன். பதினாறு வருடமாக எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்.

இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

ஜூன் 19, வியாழன்
காலை 156/98. மாலை 162/102.

ஊறுகாயை நிறுத்தியாகிவிட்டது.

ஜூன் 20, வெள்ளி
காலை 158/98. மாலை 164/102.

காலையிலிருந்து ரெஜினா மேஜையில் இல்லை. சோதனை மெஷின்கள் இருக்கும் அறையில் இருக்கிறாள் என்றார்கள். மாரப்பன் நம் ஆபீஸ் ரிசப்ஷனில் நேரில் வந்து உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கீழே டீக்கடையில் வைத்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள்.

சோதனை மெஷினில் நான் ஓட்டிப் பார்த்ததன் முடிவு இன்னும் இருக்கிறதோ என்று சந்தேகம். அழித்தேனா இல்லையா என்று ஞாபகம் வரவில்லை. அந்த அறைக்குப் போகலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் லிப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பாப்பா எந்த வகுப்பு என்று கேட்டாள். ஏழாவது என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 22, ஞாயிறு
காலை 156/98. மாலை 158/100.

நாளைக்கு என்ன கேட்பது என்று குளியலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் கோகிலா துண்டோடு நிற்கிறாள்.

"ஏனுங்க, இந்த மாசத்துல அந்தம்மா பேரை எத்தனை தடவை சொன்னீங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? என் பேரை ஒருக்காக் கூடச் சொல்லலீங்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் துண்டைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். ரெஜினா எனக்குப் பிடித்தவள் இல்லை என்று சொன்னால் நம்புவாளா? ரெஜினாவுக்கு நான் எட்டாவது மாடியிலிருந்து விழுந்தாலும் தெரியாது, எனக்கு அவள் காபி குடித்தாலும் தெரிகிறது. இதற்குப் பொறாமை என்றுதான் பெயர். எழுதிவிட்டேன், போதுமா?

ஜூன் 23, திங்கள்
காலை 160/102.

நோட்டை ஆபீசுக்கே எடுத்து வந்துவிட்டேன். மதியம் மூன்றரை. என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மீட்டிங் பதினோரு மணிக்கு. ரெஜினா எழுந்தாள். நான் என் கேள்வியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் முதல் வாக்கியமே, பால் நிறுவனத்துக்கு அனுப்பிய அறிக்கை தப்பு, வெள்ளிக்கிழமையே திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்பது. அந்த பூஜ்யம் எப்படி வந்தது என்று, நான் கேட்கவிருந்ததை விடத் தெளிவாகப் பலகையில் எழுதிக் காட்டினாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே போய், மாரப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டியிருக்கிறாள். குற்றம் டிஸ்க்கில்தான். கணக்கையெல்லாம் நகலெடுக்கும் பேக்கப் ஓடுகிற நேரமும் பால் ஊற்றுகிற நேரமும் ஒன்றாகியிருக்கிறது. பிழை என்னுடையது, மாரப்பன் மேல் எதுவுமில்லை என்று நிறுவனத்துக்குத் தன் பெயரில் கடிதம் கொடுத்துவிட்டாள். அவர் இன்று காலை வேலைக்குப் போய்விட்டார்.

சேஷகிரி சார், கேள்விக்குறியை டூல் இப்படிக் கையாளுகிறது என்று எப்படிப் பிடித்தாய் என்று அவளைக் கேட்டார்.

"நான் பிடிக்கல சார். சிவம் பிடிச்சது. சோதனை மெஷினில அவன் ஓட்டிப் பாத்தது இருந்துச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். சார் என் தோளில் தட்டி, ஏழு வருடம் முன்பு தான் எழுதியதிலேயே தப்புக் கண்டுபிடிக்க ஒரு மனசு வேண்டும் என்றார். தலைமை யார் என்பதை அங்கே சொல்லவில்லை. திருத்தம் உள்ளே போகட்டும், சாயங்காலம் சொல்கிறேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இந்தத் தடவை என்னைத்தான் பார்த்தார். பதினாறு வருடம் நான் காத்திருந்த பார்வை. நான் கண்ணை எடுத்துப் பலகையைப் பார்த்தேன்.

இரண்டு மணிக்குத் திருத்தம் என் ஒப்புதலுக்கு வந்தது. கேள்விக்குறி இனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும். இருக்கும் இடம் நிற்கும், இல்லாத இடம் விடுபடும், விடுபட்டது எது என்று கடைசியில் ஒரு வரி சொல்லும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் கேட்டதேதான். நான்கு தடவை படித்தேன், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அடியில் வழக்கமான பெயர் வரிகள். எழுதியவர் ரெஜினா. சரிபார்ப்பவர் நல்லசிவம், நான்தான். அப்புறம் இது:

கண்டறிந்தவர்: நல்லசிவம், ஜூன் 9.

அந்த வரியில் தேதி போடுகிற வழக்கமே எங்களிடம் இல்லை. அறிக்கை போனது பதின்மூன்றாம் தேதி, மாரப்பனிடம் சாவி வாங்கியது பதினாறாம் தேதி. இதை யார் படித்தாலும் விரல் விட்டு எண்ணிவிடுவார்கள். ஒப்புதல் கொடுத்ததும் மடல் குழுவுக்குப் போகும், சாருக்குப் போகும், பின்லாந்துக்காரனுக்கும் போகும். அழியாது.

அவள் மேஜைக்குப் போனேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை மூடினாள்.

"அந்தக் கோப்புக்கு நீ வெச்சிருந்த பேரப் பாத்தேன், சிவம்."

சோதனை முடிவு இருந்த கோப்புக்கு ரெஜினா பூஜ்யம் என்று பெயர் வைத்திருந்தேன். அன்றைய சந்தோஷத்தில் வைத்தது.

"பத்தாம் தேதி நான் ஒங்கிட்ட வந்து கேட்டேன்," என்றாள். "கோப்புல ஒம்பதாம் தேதின்னு இருந்துச்சு, மெஷினோட கடிகாரம் தப்பா ஓடுதான்னுகூடப் பாத்துட்டேன். சரியாத்தான் ஓடுது. இருந்தாலும் நீயே சொல்லு. தேதி தப்புன்னா ஒரு வார்த்த எழுது, எடுத்துடுதேன். யாருகிட்டயும் கேக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். எனக்காகக் கடிகாரத்தைப் போய்ப் பார்த்திருக்கிறாள். நான் தப்பிக்க ஒரு வழி இருக்குமா என்று தேடியிருக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதிலும் அவள்தான் ஜெயித்தாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படி நினைத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

திரும்பி வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். ஜூன் 9. விசேஷம் ஒன்றுமில்லை என்று என் கையெழுத்தில் இருக்கிறது. மாலை 124/80. இந்த மாதத்திலேயே அதுதான் குறைவு.

மூன்று ஐம்பதுக்கு ஒப்புதல் பெட்டியில் "தேதி சரி" என்று எழுதி அனுப்பிவிட்டேன். சார் கேபினில் மடல் வந்த சத்தம் இங்கே கேட்டது. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறார். முதலில் சிரிப்போடுதான் படித்தார். இப்போது மேஜைக் காலண்டரை இழுத்து வைத்துப் பார்க்கிறார்.

மாலை பிரஷர் வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். புதன்கிழமை டாக்டரம்மாவிடம் இந்த நோட்டையே கொடுத்துவிடலாம். மாரப்பனுக்குப் போன் செய்ய வேண்டும், என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. கோகிலாவிடம் ஊறுகாயை மறுபடி வைக்கச் சொல்ல வேண்டும்.